ஒரே பேசின் தண்ணீரில் அலசிய வல்லாரை

கீரை கழுவ எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் அறுபத்தோரு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது சொல்ல வந்தால் கோபம் வேறு வரும். எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பாள் என் மனைவி. அவள் போய் அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கோபப்படுவதற்குக்கூட எதிரில் ஓர் ஆள் வேண்டும் என்பது அந்த ஒன்றரை வருடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் மலைக்குக் கீழே வரிசை வீடு. காலையில் தெருவே காலியாகிவிடும். காரும் மோட்டார் சைக்கிளுமாக எல்லோரும் வேலைக்குக் கிளம்பிப் போனபிறகு நானும் அந்தச் சுண்ணாம்பு மலையும்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். ரப்பர் கையுறை செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கையுறைகளைக் காற்றடித்து ஓட்டை பார்ப்பது என் வேலை. கடைசி நாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆறு பெட்டி கையுறை கொடுத்தனுப்பினார்கள். மாடிப்படிக்குக் கீழே அப்படியே கிடந்தன. வீட்டு வேலைக்குக் கையுறை போடுகிற ஆளா நான்!

ஒரே மகள். கல்யாணமாகி கோலாலம்பூர் பக்கம் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறாள். மாப்பிள்ளை வீடு கிள்ளானில். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்த அன்று, மனைவியின் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொன்னேன். பதில் வராது என்று தெரிந்துதான் சொன்னேன். சொன்ன பிறகு அழுகை வந்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் பார்க்க வேண்டும். அம்மா இல்லாவிட்டால் என்ன, வீடு இருக்கிறதே. "இங்கயே வந்துரும்மா, நான் பார்த்துக்குறேன்" என்று போனில் சொன்னேன். "சரிப்பா, எட்டாம் மாசம் வாரேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் பல மாதங்கள் எழுந்தேன், குளித்தேன், சாப்பிட்டேன். அவள் அறைக்கு இளமஞ்சள் சாயம் அடித்தேன். தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டி விடுகிற அக்கா ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். தொட்டில் கட்டக் கொக்கி சரியாக இருக்கிறதா என்று நானே அதில் தொங்கிப் பார்த்தேன். கிழவன் குரங்கு மாதிரி தொங்கியதை நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை.

ஐந்தாம் மாதத்தில் அவள் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்தாள். மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். வருவதற்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்: பூனையை வீட்டுக்குள் விடாதீர்கள் அப்பா.

அந்தப் பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் காரியம் முடிந்த வாரத்தில், வாலில் முடிச்சு விழுந்த ஒரு செம்மஞ்சள் பூனை என் மோட்டார் சீட்டில் வந்து படுத்துக்கொண்டது. விரட்டினேன். போகவில்லை. நெத்திலி போட்டேன். அப்புறம் எங்கே போகும்? பெயர் எதுவும் வைக்கவில்லை. "ஏய்" என்றால் திரும்பிப் பார்க்கும். நாள் முழுக்க என் வாயிலிருந்து வருகிற ஒரே சொல் அந்த "ஏய்" மட்டும்தான் என்று ஆன நாட்கள் உண்டு. மகள் சொன்னபடி பூனையை வெளியே வைத்துக் கதவைச் சாத்தினேன். ஜன்னலில் வந்து நின்று என்னைப் பார்த்துக் கத்தியது. ஒரு வாரம்தான், பொறுத்துக்கொள் என்றேன். பூனை விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வேலியோரத்தில் மனைவி வல்லாரை வளர்த்திருந்தாள். பசார் கடைகளுக்குப் பழம் வருகிற வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டிகள் நான்கு. அவள் போன பிறகும் அவற்றைக் காயவிடாமல் பார்த்துக்கொண்டேன். மகளுக்கு வல்லாரைச் சம்பல் என்றால் உயிர். பொடிப்பொடியாக நறுக்கிய பச்சை இலை, துருவிய தேங்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, மேலே எலுமிச்சை பிழிந்து கையால் பிசைய வேண்டும். அடுப்பே வேண்டாம். அவள் வந்த மறுநாள் மத்தியானம் சோறு, ரசம், கருவாட்டுக் குழம்போடு அதையும் செய்து வைத்தேன். மனைவியின் கை ருசி வரவில்லை, ஆனால் வாசனை வந்தது.

மகள் தட்டைப் பார்த்தாள்.

"பச்சையாவாப்பா?"

"பின்ன? வல்லாரைய வேக வெச்சா என்னத்துக்கு ஆகும்? உன்ன வயித்துல வெச்சிருக்கும்போது உங்கம்மா இதத்தான் தின்னா."

"டாக்டர் பச்சைக் கீரை வேணாம்னு சொல்லியிருக்காருப்பா. ஏதோ ஒரு பூச்சிக்கு என் ரத்தத்துல எதிர்ப்பே இல்லியாம். மண்ணுல இருந்து வருமாம்."

என் முகம் என் ஏமாற்றத்தைச் சொல்லியிருக்கும். முகத்தை மறைக்க எனக்கு எந்த நாளும் வந்ததில்லை. அவள் என்னையும் சம்பலையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"குழாயத் தொறந்து விட்டு அலசுனீங்களா? ஒவ்வொரு இலையா?"

"ஆமா லா. ஒவ்வொரு இலையாத்தான்."

பொய். இன்றைக்கும் அந்த இடத்துக்கு வரும்போது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நான் கழுவிய லட்சணம் இதுதான். நான் பிறந்தது ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே பால் மரமும் இல்லை, நாங்கள் குடியிருந்த லயமும் இல்லை, எல்லாம் வீட்டுமனை. அங்கே ஏழு வீட்டுக்கு ஒரு குழாய். காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். அதனால் எங்கள் எல்லார் வீட்டிலும் ஒரே முறைதான். ஒரு பேசின் தண்ணீரில் முதலில் அரிசி களைவது. அந்தத் தண்ணீரிலேயே உப்பும் மஞ்சளும் போட்டுக் கீரையை மொத்தமாக முக்கி எடுப்பது. மூன்று முக்கு, அவ்வளவுதான். உப்பும் மஞ்சளும் பட்டால் பூச்சி செத்துப்போகும் என்பது எங்கள் நம்பிக்கை. பிறகு அந்தத் தண்ணீரைத் தூக்கிக் கீரைப் பாத்தியிலேயே ஊற்றுவது. ஒரு சொட்டு வீணாகாது.

தோட்டத்தை விட்டு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. என் சமையலறைக் குழாயில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் கொட்டுகிறது. ஆனாலும் நானும் என் மனைவியும் கீரையை ஒரு நாளும் ஓடுகிற தண்ணீரில் காட்டியதில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் யாரோ பின்னால் வாளியோடு வரிசையில் நிற்கிற மாதிரி முதுகு கூசும். அன்றைக்கும் அதே பேசின், அதே மூன்று முக்கு. தண்ணீரைக் கொண்டுபோய் வல்லாரைப் பெட்டியிலேயே ஊற்றினேன்.

அவள் சாப்பிட்டாள். முதலில் கொஞ்சம் தொட்டுக்கொண்டாள். பிறகு "அம்மா பண்ற மாதிரியே இருக்குப்பா" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! என் சமையலை ஒன்றரை வருடமாக என்னைத் தவிர யாரும் சாப்பிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து அழைத்துப் போனார். திங்கட்கிழமை காலை கோப்பியோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் ஆள் நடமாடிய வீடு திரும்பவும் காலியாகும்போது முன்னைவிட அதிகமாகக் காலியாகிவிடுகிறது. பூனை மோட்டார் சீட்டிலிருந்து குதித்தது. வேலியோரம் போனது. இரண்டாவது பெட்டியில் ஏறி, வல்லாரைக்கு நடுவே முன்னங்காலால் மண்ணைப் பறித்து, குந்தி உட்கார்ந்தது. வேலையை முடித்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடியது. முகர்ந்து பார்த்தது. திருப்திப்பட்டு என்னிடம் வந்து காலில் உரசியது.

கோப்பியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெட்டியிடம் போனேன்.

அந்தப் பெட்டியில் மண் கலைந்திருப்பதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். எலி என்று நினைத்தேன். மைனா என்று நினைத்தேன். பூனை வீட்டுக்குள் வராமல் கதவை மட்டும் சாத்தி வைத்திருக்கிறேன், மடையன். மகளின் கேள்வி காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒவ்வொரு இலையா?

புதன்கிழமை எனக்கு கிளினிக்கில் ரத்த அழுத்த மாத்திரைக்கு முறை. அங்கே ஒரு தமிழ் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என் மகளைவிடச் சின்னவள், கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிவிட்டு "என்ன அங்கிள், எக்கச்சக்கமா ஏறியிருக்கு? மாத்திரை போடலியா?" என்றாள்.

"அதெல்லாம் போட்டேன். மிஸ்ஸி, ஒண்ணு கேக்கணும். எங்க பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு, முழுகாம இருக்கு. பூனை போற மண்ணுல மொளச்ச கீரைய பச்சையா தின்னுருச்சாம்…"

அவள் பட்டையைக் கழற்றாமலே என்னைப் பார்த்தாள். "அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணு உங்க மகளா அங்கிள்?"

தலையை ஆட்டினேன்.

நல்ல பிள்ளை அவள். வரிசையில் ஆள் காத்திருந்தும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். "பூனை வெளிய எலி, குருவியெல்லாம் தின்னும்ல அங்கிள். அதுல இருந்து ஒரு பூச்சி அது வயித்துக்குப் போவும். அதோட முட்டை மலத்துல வரும். கண்ணுக்குத் தெரியாது. மண்ணுல மாசக்கணக்கா உயிரோட கெடக்கும். மத்தவங்களுக்கு வந்தா அனேகமா ஒண்ணும் தெரியாது, சும்மா காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போயிரும். பிள்ளைத்தாச்சிக்கு மொதல் தடவையா வந்தாத்தான் பிள்ளைக்கும் போயிரும். கண்ணு, மூளை எல்லாத்தையும் பாதிக்கலாம்."

"உப்பு மஞ்சள் போட்டேனே."

"அதுக்கெல்லாம் அது சாகாது. ஓடுற தண்ணியில விரலால தேச்சுத் தேச்சுக் கழுவணும். ஒரே பேசின்ல முக்குனா ஒரு இலையில இருக்கிறது எல்லா இலையிலயும் ஒட்டிக்கும். அப்படியே கழுவினாலும் முழுசா போச்சுன்னு சொல்ல முடியாது. வேக வெச்சாத்தான் சாகும். அதனாலதான் அவங்களுக்குப் பச்சையே வேணாம்னு சொல்றோம்."

"அப்ப பூனைய தொரத்திரணுமா?"

"எதுக்கு? அது பாட்டுக்கு இருக்கட்டும். பெட்டிக்கு வலை போட்டு மூடுங்க. கிளவ்ஸ் போட்டுக்கிட்டு மண்ணத் தொடுங்க, அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கையக் கழுவுங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மகளுக்குச் சொல்லிட்டீங்களா? சாப்பிட்டா வந்துரும்னு இல்ல அங்கிள். ஆனா ரத்தம் எடுத்துப் பார்க்கணும். வந்திருந்தா மருந்து இருக்கு. சீக்கிரம் தெரிஞ்சாத்தான் அந்த மருந்து."

வீட்டுக்கு வந்தேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். புதன் போயிற்று. வியாழனும் போயிற்று. மறைக்காமல் எழுதுகிறேன். பேரப்பிள்ளையின் கண்ணைப் பற்றி நினைத்த அளவுக்கு, அந்த இளமஞ்சள் அறையைப் பற்றியும் நினைத்தேன். சொன்னால் அவள் வரமாட்டாள். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலே போகலாம், எட்டாம் மாதம் வந்துவிடுவாள், யாருக்கும் தெரியாது. சீ, என்ன மனுஷன் நான்! பெற்ற பிள்ளை வயிற்றில் இருப்பதை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறேன். ஆனால் இரண்டு நாள் பேசினேன். தனியாக இருக்கிற மனுஷனுக்குத் தனக்குச் சாதகமாகப் பேசிக்கொள்ள எவ்வளவோ நேரம் கிடைக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் சாப்பாட்டு நேரம் பார்த்து அழைத்தேன். பேசின், மூன்று முக்கு, பூனை, பெட்டி, மிஸ்ஸி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். பூச்சியைப் பற்றிக் கேட்பாள், பூனையைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஏம்பா பொய் சொன்னீங்க?"

உள்ளதைச் சொன்னேன். "நீ சாப்பிடணும்னு ஆசைம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"கழுவலன்னு சொல்லியிருந்தா, நானே சட்டியில போட்டு வதக்கி சாப்பிட்டிருப்பேனேப்பா" என்றாள். அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. போனை வைத்துவிட்டாள்.

மறுநாளே ரத்தம் கொடுத்தாள். அது போதாது, மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை பார்த்தால்தான் உறுதி என்று டாக்டர் சொன்னதாக மாப்பிள்ளை செய்தி அனுப்பினார். அவள் அனுப்பவில்லை. அந்த மூன்று வாரம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். படிக்குக் கீழே இருந்து கையுறைப் பெட்டியைப் பிரித்தேன். இருபத்திரண்டு வருடம் ஊரெல்லாம் போட்டுக்கொள்ளச் சோதித்துக் கொடுத்த சாமானை அன்றைக்குத்தான் முதன்முதலாக நானே மாட்டிக்கொண்டேன். நான்கு பெட்டி மண்ணையும் வாரிக் குப்பைப் பையில் கட்டி அனுப்பினேன். புது மண் போட்டேன். மனைவி வைத்த வேர் ஒன்றும் மிஞ்சவில்லை. புதுப் பதியன் வாங்கி நட்டு, கோழிக்கூட்டுக் கம்பிவலை அடித்து மூடினேன். பூனை வலை மேல் ஏறி நின்று என்னைக் கேவலமாகப் பார்த்தது. அதற்கென்று மூலையில் தனியாக ஒரு மணல் பெட்டி வைத்தேன்.

கழுவவும் பழகினேன். குழாயைத் திறந்துவிட்டு, ஓர் இலையை எடுத்து, முன்னும் பின்னும் விரலால் தேய்த்து, காம்பின் இடுக்கில் தேய்த்து, அடுத்த இலை. ஒரு பிடி கீரைக்கு அரை மணி நேரம் ஆயிற்று. முதுகு கூசியது. பின்னால் யாரும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையாகவே யாரும் இல்லை. கழுவிய கீரையைத் தேங்காய் எண்ணெயில் வதக்கி, ஒற்றைத் தட்டில் போட்டு, நானே சாப்பிட்டேன். யாருக்காக இவ்வளவு கழுவுகிறாய் என்று மலை கேட்கிற மாதிரி இருந்தது. உன் வேலையைப் பார் என்றேன்.

இரண்டாவது சோதனையிலும் ஒன்றும் இல்லை. இந்த முறை அவளே அழைத்தாள். "வரலியாம்பா. தப்பிச்சுட்டோம்." சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் இன்னும் ஏதோ சொல்ல நிற்கிறாள் என்று புரிந்தது.

"அப்பா, பிரசவத்துக்கு நான் கிள்ளானுக்கே போலாம்னு இருக்கேன்."

"கோவமாம்மா?"

"கோவம் இல்லப்பா. பயம். அங்க வந்தா, ஒவ்வொரு வாய் சாப்பிடும்போதும் உங்ககிட்ட கேக்கணும்னு தோணும். கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். கேக்கலன்னா எனக்குப் பயமா இருக்கும்."

வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். சாயம் அடித்ததை, கொக்கியில் தொங்கிப் பார்த்ததைச் சொல்லிக் காட்டியிருப்பேன். "சரிம்மா" என்றேன். குளிப்பாட்டுகிற அக்காவுக்கு அன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொன்னேன். அறைக் கதவைச் சாத்தினேன். அன்று சாயந்திரம் பூனையை வீட்டுக்குள் விட்டேன். இனி யாருக்காக வெளியே வைக்க வேண்டும்?

பேத்தி பிறந்து ஒன்பதாம் நாள் கிள்ளானுக்குப் போனேன். ஈப்போவிலிருந்து ரயில், கோலாலம்பூரில் மாறி இன்னொரு ரயில். பிள்ளை பார்க்கப் போகிற வீட்டுக்கு நான் சாப்பாட்டுச் சாமான் எதுவும் இல்லாமல் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சின்னச் சட்டை நான்கு மட்டும் வாங்கிக்கொண்டேன். சம்பந்தி வீட்டார் வாசலுக்கே வந்து மரியாதையாகத்தான் வரவேற்றார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா என்று அவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிவில்லை.

உள்ளே அறையிலிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா, கையக் கழுவிட்டு வாங்க."

எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். எனக்குச் சுருக்கென்றது. சமையலறைத் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். சவர்க்காரம் போட்டு உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண் என்று தேய்த்தேன். கழுவினேன். போதாது என்று பட்டது. திரும்பவும் போட்டேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை முழங்கை வரைக்கும் தேய்த்தேன். எந்த இடத்தில் நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்தினால் அந்த அறைக்குள் போக வேண்டும், போய்க் கையை நீட்ட வேண்டும்.

பக்கத்தில் வந்து நின்றது யார் என்று முதலில் கவனிக்கவில்லை. ஒரு கை நீண்டு குழாயை மூடியது. மகள். தோளில் துணிப்பொதி மாதிரி பிள்ளை.

"போதும்பா."

"இன்னும் ஒரு தடவை…"

"போதும்பா. கைய நீட்டுங்க."

"ஈரமா இருக்கும்மா. தொடைக்கல."

"பரவால்ல லா" என்று, சொட்டிக்கொண்டிருந்த என் இரண்டு கைகளிலும் பிள்ளையை வைத்தாள்.